கொடியில் காயும் நாள்காட்டி

திடீர் மழை. ஒரு பெண் துணி எடுக்க ஓடி வருகிறாள். காற்று அவள் உடையை அலைக்கழிக்கிறது. அவசரத்தில் மரச்செருப்பு ஒன்று காலைவிட்டு நழுவுகிறது. எதிரே மூங்கில் கழியில் கிமோனோ காய்கிறது. சுசுகி ஹருநொபு 1765-ல் வரைந்த படம் இது. ஜப்பானின் பலவண்ண அச்சுப்படம் பிறந்த கதையை மாணவர்களுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியாது.

அந்தக் கிமோனோவின் சித்திர வேலையை உற்றுப் பார்த்தால் எழுத்துகள் புலப்படும். மெய்வா 2, அதாவது 1765, என்ற ஆண்டுக் குறிப்பு. கூடவே 2, 3, 5, 6, 8, 10 என்ற எண்கள். அந்த ஆண்டின் பெரிய மாதங்கள் அவை.

அன்றைய ஜப்பானில் பெரிய மாதத்துக்கு 30 நாள், சிறிய மாதத்துக்கு 29. எது பெரியது, எது சிறியது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். கடன் பாக்கியை மாதக் கடைசியில் தீர்க்கும் வழக்கம் இருந்ததால், கொடுத்தவர் வாங்கியவர் இருவருக்குமே இது தெரிந்தாக வேண்டும். ஆனால் நாள்காட்டி அச்சிடும் உரிமை அரசு அனுமதித்த சிலருக்கே இருந்தது. எடோ நகரத்து ரசிகர்கள் எண்களைப் படத்துக்குள் ஒளித்து, புத்தாண்டில் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டார்கள்.

1765-ல் இது பெரும் போட்டியானது. ஷோகுனின் நேரடிப் பணியிலிருந்த சாமுராயும் கவிஞருமான ஓகுபோ ஜின்ஷிரோ போன்றவர்கள் பணத்தை வாரி இறைத்தார்கள். அதுவரை பெரும்பாலும் சிவப்பு, பச்சை என்று இரண்டு மூன்று நிறங்களோடு நின்ற அச்சு, கனமான நல்ல தாளில் பல நிறங்களுக்கு வளர்ந்தது.

நிறத்துக்கு ஒரு செர்ரி மரப்பலகை. ஒரே தாளை ஒவ்வொரு பலகையிலும் வைத்துத் தேய்க்க வேண்டும். இம்மி பிசகினாலும் நிறம் கோட்டைத் தாண்டிவிடும். இதற்குக் காவல் கென்டோ என்ற அடையாளம். பலகையின் மூலையில் 'ட' வடிவில் ஒன்று, விளிம்பில் நேர்கோடாக ஒன்று. தாளின் மூலையை முதலாவதிலும் ஓரத்தை இரண்டாவதிலும் பொருத்தி அச்சிடுவார்கள். கென்டோ முன்பே இருந்ததுதான். அதன் முழு ஆற்றலையும் வெளிக்கொண்டுவந்தது இந்தப் புத்தாண்டுப் போட்டி. பெயர் பெற்றவர் ஓவியர் என்றாலும், செதுக்கியவரின் கையும் அச்சிட்டவரின் கையும் இல்லாமல் இந்தக் கலை இல்லை. வகுப்பில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

பதிப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? பலகைகளை வாங்கி, எண்களையும் புரவலர் பெயரையும் நீக்கிவிட்டுப் பொதுமக்களுக்கு விற்றார்கள். நிஷிகி-எ என்ற பலவண்ண அச்சு கடைவீதிக்கு வந்தது இப்படித்தான். உதமாரோ, ஹொகுசாய், ஹிரோஷிகே எல்லாம் பின்னால் இதே வழியில் வந்த ஓவியர்கள். ஹருநொபு 1770-லேயே இறந்துவிட்டார்.

சில படங்களுக்கு எண் உள்ள பிரதி, எண் நீக்கிய பிரதி இரண்டுமே இன்று கிடைக்கின்றன. இரண்டையும் மாணவர்கள் முன் அருகருகே வைத்து, எது முதலில் வந்தது, மற்றதில் எண்கள் ஏன் மறைந்தன என்று கேளுங்கள். எடோவின் சட்டம், கடன், வியாபாரம் மூன்றையும் அவர்களே பேசத் தொடங்கிவிடுவார்கள்.