நீதிமன்றப் படியேறிய காவிரி

குடவாசல் வட்டாரத்தில் குறுவைக்கு நாற்று விடுவது மேட்டூர் அணைத் திறப்பை நம்பியே. அதற்கு வழக்கமான நாள் ஜூன் 12. கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேரப் பல நாள் ஆகும். திறப்பு தள்ளிப்போனால் குறுவை கைவிட்டுப்போகும், ஒருபோகச் சம்பாவே மிஞ்சும்.

அந்தத் தண்ணீரைத் தரும் காவிரியின் பங்கீடு குறித்துச் சென்னையும் மைசூரும் 1924-இல் செய்த ஒப்பந்தத்தின் சில பிரிவுகள் 50 ஆண்டுகளுக்குப் பின் மறுஆய்வுக்கு உரியவை. பேச்சுவார்த்தை நீண்டதே தவிர, முடிவு எட்டவில்லை. 1983-இல் தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள்கள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1990 மே 4 தீர்ப்பின்படி, ஜூன் 2 அன்று மத்திய அரசு நடுவர் மன்றம் அமைத்தது.

அம்மன்றம் 2007-இல் தமிழகத்துக்கு 419 டி.எம்.சி. ஒதுக்கியது, 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை 404.25 ஆகக் குறைத்தது. நடுவர் மன்றத்துக்கு வழிதிறந்த அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் விவசாயிகளே.