மூச்சின் அளவும் ரத்தத்தின் கணக்கும்

1823-ல் பிரெஞ்சு அரசு புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. இன்றைய ஜிப்மரின் வேர் அதுதான். ஒன்பது வருடம் கழித்து ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர், காலரா நோயாளிகளின் ரத்தக் குழாயில் உப்புநீரை ஏற்றிப் பார்த்தார். நாம் 'சலைன் ஏத்தறது' என்று சொல்கிறோமே, அதன் ஆரம்பம்.

எப்போது ஏற்றுவது, எப்போது நிறுத்துவது? அறுவை மேசையில் ரத்த அழுத்தம் இறங்கும்போது இந்தக் கேள்வி கழுத்தில் கத்தி. குறைந்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போதாது. கூடினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

புதுச்சேரிக்கு அன்று மருத்துவப் பாடம் அனுப்பிய பிரான்சிலிருந்தே ஒரு நல்ல பதிலும் வந்தது. 2000-ல், பாரிஸை ஒட்டிய பிசேத்ர் மருத்துவமனையில் ஃப்ரெடெரிக் மிஷார், ழான்-லூயி தெபூல் குழுவினர் வென்டிலேட்டரில் இருந்த 40 பேரைக் கவனித்தார்கள். இயந்திரம் காற்றைத் தள்ளும்போது மார்புக்குள் அழுத்தம் கூடும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். சில துடிப்புகளில் நாடியின் வீச்சு சுருங்கும். மூச்சு வெளியேறியதும் மீளும். இந்த ஏற்ற இறக்கம் 13 சதவீதத்தைத் தாண்டினால், திரவம் ஏற்றினால் பலன் உண்டு.

ஆனால் அதே ஆண்டு இன்னொன்றும் நடந்தது. அமெரிக்காவில் நுரையீரல் கடுமையாகப் பழுதான 861 பேரிடம் நடந்த ஆய்வில், கிலோவுக்கு 12 மில்லி காற்றுக்குப் பதில் 6 மில்லி கொடுத்தபோது இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31-ஆகக் குறைந்தது. சின்ன மூச்சு மெல்ல அறுவை அரங்குக்குள்ளும் வந்தது.

சின்ன மூச்சு நுரையீரலைக் காத்தது. மிஷார் கண்ட சைகையை அடக்கியும் விட்டது. 8 மில்லிக்குக் கீழே அந்த எண்ணை நம்ப முடியாது என்று 2005-ல் பிரஸ்ஸல்ஸில் டேனியல் டி பேக்கர் குழு காட்டியது. திரையில் எண் குறைவாக இருக்கும், போதும் என்று தோன்றும். உடம்போ தாகத்தில் இருக்கும்.

விடை 2017-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலிருந்து வந்தது. ஷீலா நைனன் மயாத்ரா தலைமையிலான குழு அது. தெபூலும் அதில் இருந்தார். தீவிர சிகிச்சை நோயாளிகளுக்கு ஒரே ஒரு நிமிடம் மூச்சை 6-லிருந்து 8 மில்லியாக ஏற்றினார்கள். ஏற்ற இறக்கம் 3.5 புள்ளி கூடினால் திரவம் உதவும். பிறகு பழைய 6-க்கே திரும்பலாம். 2019-ல் இத்தாலியில் இதை அறுவை அரங்கிலும் சோதித்தார்கள்.

எல்லாருக்கும் பொருந்தாது. நாடி சீரில்லையென்றால், நோயாளி தானே மூச்சுவிட்டால், மார்பு திறந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. பொருந்துகிறவர்களுக்குத் தமனியில் ஒரு குழாயும் ஒரு நிமிடமும் போதும். விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஜிப்மர் மாதிரி கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனைகளுக்கு அது சின்ன விஷயமில்லை.