இண்டியானாபொலிஸில் ஓடாத பதினான்கு கார்கள்

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இந்திய ஓட்டுநர்கள் இதுவரை எடுத்திருக்கும் புள்ளிகள் மொத்தம் ஐந்து. அந்த ஐந்தையும் கோவைக்காரரான நரேன் கார்த்திகேயன் ஒரே நாளில் எடுத்தார். 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஜோர்டான் அணியின் காரில் அவர் நான்காவதாக வந்தார். அன்று போட்டியிட்டவை ஆறே கார்கள். மற்ற பதினான்கும் அணிவகுப்புச் சுற்று முடிந்த கையோடு பிட் லேனுக்குள் திரும்பி ஒதுங்கிவிட்டன. டயர் செய்த மிஷெலின் நிறுவனத்தின் தவறு என்று இதைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். தவறு அங்கே தொடங்கியது உண்மைதான். அது பந்தயத்தையே கவிழ்க்கும் அளவுக்கு வளர்ந்ததற்கு, பருவத்தின் நடுவில் விதியை எப்படி மாற்றுவது என்ற முறை முன்பே வகுக்கப்படாததுதான் காரணம் என்பது இக்கட்டுரையின் கட்சி.

கார்களின் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றுதான் 2005இல் ஒரு புது விதி வந்தது: தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே செட் டயர்கள். அதன் ஆபத்து மே 29 அன்றே நூர்பர்கிங்கில் தெரிந்தது. முன்னணியில் ஓடிய கிமி ரைக்கோனனின் டயர் ஓரிடத்தில் தேய்ந்து அதிர்ந்தது. மாற்ற நின்றால் முதலிடம் போய்விடுமென்று ஓடவிட்டார்கள். கடைசிச் சுற்றில் சஸ்பென்ஷனே முறிந்தது. மூன்று வாரம் கழித்து இண்டியானாபொலிஸில், சாய்வாகக் கட்டப்பட்ட பதின்மூன்றாம் வளைவில், பயிற்சியின்போது ரால்ஃப் ஷூமாக்கரின் இடது பின்டயர் போய், கார் சுவரில் மோதியது. தங்கள் டயர் பத்துச் சுற்றுக்கு மேல் தாங்குமென்று உறுதி சொல்ல முடியாது என மிஷெலினே கைவிரித்தது. பந்தயமோ 73 சுற்று. வளைவுக்கு முன் வேகத்தடைத் திருப்பம் ஒன்று வையுங்கள், எங்களுக்குப் புள்ளிகூட வேண்டாம் என்பதுவரை மிஷெலின் டயரோடு வந்த அணிகள் இறங்கி வந்தன. உலக அமைப்பான எஃப்.ஐ.ஏ. மறுத்துவிட்டது.

மறுத்ததற்கு எஃப்.ஐ.ஏ. சொன்ன நியாயங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. பிரிட்ஜ்ஸ்டோன் டயரோடு வந்த ஃபெராரி, ஜோர்டான், மினார்டி ஆகிய மூன்று அணிகளும் சரியாகத் தயாராகி வந்தவை. மற்றவர்கள் தவறுக்காகத் தடத்தை மாற்றினால் அவர்களுக்கு நட்டம். மேலும், சோதித்துப் பார்க்காத திருப்பத்தில் ஒருவர் இறந்தால் யார் பொறுப்பு? முதல் நியாயத்துக்கு, புள்ளி வேண்டாம் என்ற சலுகையே பதில். இரண்டாவதற்கு 1994இன் பார்சிலோனா பதில்: ஓட்டுநர்கள் கேட்டதும் டயர்களை அடுக்கித் தற்காலிகத் திருப்பம் வைத்தார்கள், பந்தயம் நடந்தது. இண்டியானாபொலிஸில் எஃப்.ஐ.ஏ. முன்வைத்த மாற்றுவழிகளில் ஒன்று, அந்த வளைவில் மட்டும் மெதுவாகப் போங்கள் என்பது. பக்கத்துக் கார் 300 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது நம் கார் மட்டும் மெதுவாகப் போவது எந்த வகைப் பாதுகாப்பு?

அவசர மாற்றத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கவும் முடியாது. அதற்கும் 1994தான் சாட்சி. ஏப்ரல் 30, மே 1 ஆகிய இரு நாட்களில் இமோலாவில் ஓட்டுநர்கள் ராட்சன்பெர்கரும் அயர்ட்டன் சென்னாவும் இறந்தபின் விதிகள் மளமளவென்று மாறின. பிட் லேனில் வேகக் கட்டுப்பாடு வந்தது. காரைத் தரையோடு இழுக்கும் டிஃப்யூசர் குறுக்கப்பட்டது. ஜூலையில் அடிப்பாகத்தில் 10 மில்லிமீட்டர் பலகை கட்டாயமானது. ஆனால் புது விதிக்கேற்ப அவசரமாகத் திருத்திய லோட்டஸ் காரைச் சில்வர்ஸ்டோனில் ஓட்டிப் பார்த்தபோது பின் இறக்கை பிய்ந்து ஓட்டுநர் பெத்ரோ லாமி படுகாயமடைந்தார். அவகாசம் இல்லாத திருத்தமும் ஆளைக் கொல்லப் பார்க்கும்.

சரியான நடைமுறைக்கு 2022ஐக் காட்டலாம். அந்த ஆண்டுக் கார்கள் நேர்ச்சாலையில் குதித்துக் குதித்து ஓடின; ஜூனில் பாகூ பந்தயம் முடிந்து லூயிஸ் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். எஃப்.ஐ.ஏ. அந்தக் குதிப்பை அளந்து, ஓர் எண்ணை வரம்பாக வைத்து, ஆகஸ்ட் கடைசியில் பெல்ஜியத்தில்தான் அமல்படுத்தியது. மெர்சிடிஸுக்குச் சாதகமான மாற்றம் என்ற முணுமுணுப்பு எழுந்தது. வரம்பு எண்ணாக இருந்ததால் அது எல்லாக் காருக்கும் பொது. தயாராக இரண்டு மாதம் எல்லோருக்கும் கிடைத்தது.

முறை முன்பே வகுக்கப்படாத சிக்கல் காவிரி டெல்டா வாசகர்களுக்குப் புதிதல்ல. காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பு, சாதாரண ஆண்டின் 740 டி.எம்.சி.யைக் கணக்கிட்டுப் பிரித்தது. மழை பொய்த்தால் பங்குகளை விகிதப்படி குறைத்துக்கொள்ளவும் சொன்னது. எந்த மாதம், எந்த அணையின் இருப்பை வைத்து, எவ்வளவு என்ற கணக்கு எல்லோரும் ஏற்கும்படி அமையவில்லை. அதனால்தான் 2012, 2016, 2023 என்று பற்றாக்குறை வந்தபோதெல்லாம், பயிர் வயலில் நிற்க, வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நின்றது. எஃப்.ஐ.ஏ.வுக்கும் பாதுகாப்புக்காக விதியை மாற்றும் அதிகாரத்தில் குறை இருந்ததில்லை. எந்த அளவைத் தாண்டினால் மாற்றலாம், எத்தனை நாள் அவகாசம், ஒழுங்காக வந்தவருக்கு என்ன ஈடு என்ற மூன்றும் பருவம் தொடங்குமுன்பே அச்சில் இருந்திருந்தால், இண்டியானாபொலிஸில் பந்தய நாள் காலைப் பேரம் தேவைப்பட்டிருக்காது. ஒரே செட் டயர் விதி 2006இல் கைவிடப்பட்டது. அந்த முடிவை நூர்பர்கிங்கிலேயே எடுத்திருக்கலாம்.