கார்ப் பூட்டு உறைந்த காலம்

இப்போது பொத்தானை அமத்தினால் கார்க் கதவு திறக்கிறது. திறப்பைத் துவாரத்தில் போட்டுத் திருகித்தான் கதவைத் திறந்தோம் என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். 80-களின் பிற்பகுதியில் ரொறன்ரோவுக்கு வந்து, கையில் இருந்த காசுக்குப் பழைய கார் வாங்கி, அதை வெளியில் நிறுத்தியவர்களுக்கு அந்தத் துவாரத்தை மறக்க முடியாது.

1989 ஜனவரி என்று நினைவு. ஸ்காபரோவில் அடுக்குமாடி ஒன்றில் இருந்தோம். வீதியில் கொட்டிய உப்பு கார் முழுக்க வெள்ளையாய்ப் படிந்திருந்தது. உப்பை விட்டால் தகரம் கறள் பிடிக்கும் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்ல, ஞாயிறு பின்னேரம் காசு போட்டுக் கழுவும் இடத்துக்குப் போய் நன்றாகத் தண்ணீர் அடித்துக் கழுவினேன். பளபளவென்று வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். இரவு குளிர் இறங்கியது.

விடிய ஐந்து மணிக்குப் போனால் திறப்பு பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. வாயை வைத்து ஊதினேன். மூச்சில் இருந்த ஈரமும் சேர்ந்து உறைந்ததுதான் மிச்சம். பலம் பிடித்துத் திருக, திறப்பு வளைந்தது. பக்கத்துக் காரின் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்த உக்ரேனியக் கிழவர் ஒருவர் வந்து பார்த்தார். திறப்பை வாங்கி நிமிர்த்தி, சிகரெட் லைற்றரில் நுனியைச் சூடாக்கி, மெதுவாகத் துவாரத்துக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாம் தரம் பூட்டு திரும்பியது. ஆனால் ஆறு மணி வேலைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஆறே முக்கால். ஏஜென்சி மூலம் எடுத்த ஆள் நான். நாளையிலிருந்து வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்று எனக்கு வந்த கோபத்தில்தான் இந்தப் பூட்டைப் பற்றி அறியத் தொடங்கினேன்.

பூட்டுக்குள் முள் வைத்து, சரியான திறப்பு வந்து அதை உயர்த்தினால் மட்டும் திறக்கும் என்ற யோசனை மிகப் பழையது. பண்டைய எகிப்தில் மரத்தாலேயே அப்படிப் பூட்டுச் செய்தார்கள். அதையே உலோகத்தில் சிறிய உருளைக்குள் அடக்கி, தட்டையான சின்னத் திறப்பால் திறக்கும்படி செய்தவர் அமெரிக்கரான லைனஸ் யேல் இளையவர். 1861-இலும் 1865-இலும் அதற்குக் காப்புரிமை பெற்றார். எங்கள் ஊர் வீட்டுக் கதவுகளில் இருந்த யேல் பூட்டு அவர் பெயரில் வந்ததுதான். 1920-களில் மேல்மூடிய கார்கள் பெருகியபோது கதவுக்கும் பூட்டு தேவைப்பட்டது. கார்ப் பூட்டில் பெரும்பாலும் முள்ளுக்குப் பதிலாக மெல்லிய பித்தளைத் தகடுகளும் மயிரளவு சுருள்வில்லுகளும் இருக்கும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் விரியும். அந்தத் தகடுகளை இறுக்கிப் பிடிக்க ஒரு துளி பனிக்கட்டி போதும்.

உப்புக்காகக் கழுவ வேண்டும், கழுவினால் பூட்டு உறையும். இந்த இக்கட்டுக்கு இங்குள்ளவர்கள் மூன்று வழி வைத்திருந்தார்கள். முதலாவது, கழுவி முடிந்ததும் துவாரத்தையும் கதவின் றப்பரையும் துணியால் துடைத்து, கதவுகளை ஒருதரம் திறந்து மூடுவது. இரண்டாவது, குளிர் தொடங்கமுன் துவாரத்துக்குள் கிராபைட் தூள் அடிப்பது. பென்சிலில் இருக்கும் அதே கரிதான். காய்ந்த தூள் என்பதால் வழுக்குமே தவிரக் குளிரில் இறுகாது. அதோடு எண்ணெய் சேர்த்தால் களியாகிவிடும். மூன்றாவது, அற்ககோல் கலந்த சின்னப் போத்தல். ஐசோபுரோப்பைல் அற்ககோல் மைனஸ் 89 பாகை வரை உறையாது. பனிக்கட்டியில் பட்டால் அதையும் கரைக்கும். ஆனால் பூட்டில் உள்ள வழுக்கலையும் கழுவிவிடும், பிறகு திரும்பவும் கிராபைட் போட வேண்டும். சுடுதண்ணீர் மட்டும் ஊற்றக் கூடாது. சற்று நேரத்தில் அதுவே உறையும், கண்ணாடியும் வெடிக்கலாம்.

அந்தப் போத்தலைக் காருக்குள் வைத்துவிட்டு வெளியில் நின்று விழித்தவர்கள் எத்தனை பேர்! "கோட்டுப் பொக்கற்றில் வை" என்று கிழவர் சொன்னதை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஊரிலிருந்து யார் புதிதாக வந்து கார் வாங்கினாலும் ஒரு போத்தல் வாங்கிக் கொடுப்பேன். அப்போது இரண்டு டொலருக்குள் முடிந்த சாமான். ஒருவருடைய வேலையைக் காப்பாற்றும்.

1982-இல் பிரான்சின் றெனோ நிறுவனம் ஃபுவேகோ என்ற காரில் தூரத்திலிருந்து பூட்டித் திறக்கும் கருவியைக் கொண்டுவந்தது. 90-களில் அது மற்றக் கார்களுக்கும் பரவியது. அத்தோடு தொல்லை தீர்ந்தது என்று நினைத்தோம். 2013 டிசம்பரில் ரொறன்ரோவில் பனிமழை கொட்டி, மூன்று இலட்சம் மின் இணைப்புகள் அறுந்த நாட்களில் பொத்தானை அமத்தினால் பூட்டு திறந்த சத்தம் கேட்டது, கதவு வரவில்லை. றப்பர் ஒட்டிக்கொண்டது. கைபிடியை இழுத்து முறித்தவர்களும் உண்டு. அப்படியான நேரம் தோளால் கதவை உள்ளே தள்ள வேண்டும். பனி நொறுங்கிய பிறகு இழுத்தால் வரும். குளிர் தொடங்கமுன் றப்பரில் சிலிக்கோன் பூசினால் அந்த வேலையும் இல்லை.

என் வயதுக்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். திறப்புத் துவாரம் போய்விடவில்லை. புதிய கார்கள் பலவற்றில் சாரதி பக்கக் கைபிடியின் சின்ன மூடிக்குள் அது ஒளிந்திருக்கிறது. பொத்தான் கருவிக்குள்ளும் ஒரு திறப்பு இருக்கிறது. கடுங்குளிரில் கார் பற்றரி இறந்தால் பொத்தான் வேலை செய்யாது, அந்தத் துவாரம்தான் கதி. வருடக்கணக்காகத் தொடாத பூட்டு அன்று திரும்புமா?

போன மார்கழியில் என்னுடையது திரும்பவில்லை. கடைக்கு வெளியே அரை மணித்தியாலம் நின்றேன், 1989-இல் நின்றதுபோல. நவம்பர் வந்ததும் மூடியைக் கழற்றி, கிராபைட் போட்டு, திறப்பால் ஒருமுறை திருகிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. நான் இந்த வருடம் செய்துவிட்டேன்.