பாதி வழியில் நின்ற சிகிச்சை

இரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரின் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் சிறிது காலம் தணிந்தது என்று 1948-ல் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் எழுதினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய ஆய்வுக்கூடம் அனுப்பிய மருந்து அது. அன்று தொட்டுக் குழந்தைப் புற்றுநோயின் வரலாறு மருந்துகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்த பெற்றோருக்கு யார் கைகொடுத்தார்கள் என்பது அதில் ஓரத்தில்கூட இல்லை. அந்தக் கைகொடுத்தலையும் சிகிச்சையின் அங்கமாகவே கணக்கில் வைக்க வேண்டும் என்பது என் துணிபு.

அந்த வேலைக்கு ஒரு பெயரும் முறையும் கிடைத்தது 1990-ல், நியூயார்க்கின் ஹார்லெமில். அறுவை மருத்துவர் ஹரால்டு ஃப்ரீமனிடம் மார்பகப் புற்றுநோயோடு வந்த ஏழைப் பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் நோய் முற்றிய பிறகே வந்தார்கள். ஐந்தாண்டு தாண்டிப் பிழைத்தவர்கள் 39 சதவீதம்தான். அவர் வழித்துணையாளர்களை அமர்த்தினார். எந்த வரிசையில் நிற்பது, எந்தப் படிவத்தை நிரப்புவது, காப்பீடு இல்லையென்றால் யாரைக் கேட்பது என்று கூடவே நின்று பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. குறைந்த செலவுப் பரிசோதனையும் சேர்ந்துகொள்ள, பிற்காலத்தில் வந்தவர்களிடம் அந்த 39 சதவீதம் 70 ஆனது.

குழந்தைகள் விஷயத்தில் வலுவான சான்று பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் இருக்கிறது. இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் இழுக்கும். சில மாதங்களிலேயே பிள்ளைக்கு முடி முளைத்துவிடும், ஓடியாடி விளையாடும். தினமும் ஒரு மாத்திரை, அவ்வப்போது இரத்தப் பரிசோதனை, அதற்காக மறுபடியும் நெடுந்தூரப் பஸ். கூலி போகிறது, மற்ற பிள்ளைகள் அக்கம்பக்கத்து வீட்டில் கிடக்கிறார்கள். தேறிவிட்ட பிள்ளையை எதற்கு அலைக்கழிப்பது என்று தாய் நினைத்தால் அதை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. 1980-களில் அங்கே 16 சதவீதக் குழந்தைகளின் சிகிச்சை இப்படிப் பாதியில் நின்றது. தங்க இடம், பயணச் செலவு, உணவு எல்லாம் ஏற்பாடாகி, குறித்த நாளில் வராத பிள்ளையைத் தேடிப்போகச் சமூகப் பணியாளர்களும் அமைந்தபின், அது 1.5 ஆகவும் பிறகு 0.5 ஆகவும் இறங்கியது. நோய் திரும்பாமல் ஐந்தாண்டு கடந்தவர்கள் 32 சதவீதத்திலிருந்து 47-க்கும் பிறகு 63-க்கும் ஏறினார்கள்.

நல்ல மருந்து முறையும் பயிற்சி பெற்ற செவிலியரும் தந்த பலனை வழித்துணையின் கணக்கில் எழுதலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 47 சதவீதம் 63 ஆனபோது, பாதியில் விட்டவர்கள் ஏற்கெனவே அற்பம். அந்த ஏற்றம் பெரும்பாலும் மருத்துவத்தின் சாதனைதான். ஆனால் பிள்ளைகள் சிகிச்சையில் நிலைத்திருந்ததால்தானே அந்தச் சாதனைக்கே இடம் கிடைத்தது? மருந்துக்கே காசில்லாத ஆஸ்பத்திரி வழித்துணையாளர்களுக்குச் சம்பளம் கொடுக்குமா என்பது அடுத்த கேள்வி. பாதியில் விட்ட பிள்ளைக்கு நோய் திரும்பும்போது, முன்பு கேட்ட மருந்துக்கு அது எளிதில் மசிவதில்லை. அதுவரை செலவிட்ட மருந்தின் விலையையும் அந்தச் சம்பளத்தோடு சேர்த்துவைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.