பால்கல்

பால் திரிந்துபோனால் அம்மாவின் முகம் மாறிவிடும். அபசகுனம் என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார். கீழே கொட்டவும் மனம் வராது. சர்க்கரை போட்டுக் கிளறித் தந்துவிடுவார். முதுகலை படிக்க நான் வந்திறங்கிய ஹார்பூர்க்கில், திரிந்த பாலை நம்பியே ஒரு பெரிய தொழிற்சாலை நடந்தது என்பது அங்கே படித்த காலத்தில் எனக்குத் தெரியாது. பல ஆண்டுகள் கழித்து, பழம்பொருள் சந்தையில் ஒரு பாட்டி தந்தம் போலிருந்த பொத்தானைக் கையில் வைத்து, "கலாலித்" என்றார்.

கிரேக்கத்தில் கலா என்றால் பால், லித்தோஸ் என்றால் கல். 1897இல் ஹானோவரில் அச்சகம் வைத்திருந்த வில்ஹெல்ம் கிரிஷேயிடம், பள்ளிக்கூடங்களுக்கு எழுதித் துடைக்கும் வெள்ளைப் பலகை செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். பாலின் முக்கியப் புரதமான கேசீனை வைத்து முயன்றார். தண்ணீர் பட்டால் தாங்காது என்பதுதான் சிக்கல். வேதியியலாளர் அடால்ஃப் ஸ்பிட்டலருடன் சேர்ந்து ஃபார்மால்டிஹைடில் ஊறவைத்தபோது அது மாட்டுக்கொம்பு போல இறுகியது. (ஸ்பிட்டலரின் பூனை புட்டியைப் பால் கிண்ணத்தில் தட்டிவிட்டதாக ஒரு கதை உண்டு. நல்ல கதை, அவ்வளவுதான்.) பலகைக்கு அது உதவவில்லை. பொத்தானுக்கு உதவியது.

1904இல் ஹார்பூர்க்கில் இதற்கென்றே நிறுவனம் வந்தது. கொழுப்பு நீக்கிய பாலை, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் விட்டுத் திரிய வைப்பார்கள். கட்டியை உலர்த்தி அரைத்து, சற்றே ஈரமாக்கி, சூட்டில் அழுத்தித் தகடாக்கி, ஃபார்மலின் தொட்டியில் போடுவார்கள். தடித்த துண்டு ஊற மாதக்கணக்கில் ஆகும். பிறகு உருக்கி வார்க்க முடியாது, கடைந்துதான் எடுக்க வேண்டும். பொத்தான், சீப்பு, குடைப்பிடி, பேனா. 1913இல் ஜெர்மனியில் மட்டும் இதற்குச் செலவான பால் 3 கோடி லிட்டர். வெண்ணெய் எடுத்த பால்தானே என்று சமாதானம் சொல்லலாம். அடுத்த ஆண்டே போர் வந்தது. நகரத்துக் குழந்தைகளுக்குப் பால் கிடைக்காத காலமும் வந்தது.

இத்தனை பாலைத் திரிய வைத்தவர்களுக்கு, ரென்னெட் பட்டால் பால் ஏன் திரிகிறது என்பது சரியாகத் தெரியாது. விடை 1956இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. கேசீன் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது கப்பா கேசீன் என்ற தனிப் புரதம் என்று டேவிட் வா, பீட்டர் ஃபான் ஹிப்பல் இருவரும் கண்டார்கள். அது துகளின் மேற்பரப்பில் மெல்லிய மயிர்போல நீட்டிக்கொண்டிருக்கிறது. ரென்னெட் அதைக் கத்தரித்துவிட, காவல் இழந்த துகள்கள் கால்சியத்தின் துணையோடு ஒட்டிக்கொள்கின்றன.

ஃபான் ஹிப்பல் என்ற பெயரைக் கண்டதும் தேடினேன். பீட்டர் பிறந்தது ஹானோவருக்குத் தெற்கே கோட்டிங்கனில், 1931இல். அம்மாவின் அப்பா நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜேம்ஸ் ஃப்ராங்க், யூதர். 1933இல் ஹிட்லர் ஆட்சியில் யூதர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து நீக்கத் தொடங்கியபோது, முதல் உலகப்போரில் பணியாற்றியவர் என்பதால் அவருக்கு விலக்கு இருந்தது. அதை ஏற்காமல் பதவியைத் துறந்தார். பீட்டரின் அப்பா ஆர்தரும் இயற்பியலாளர், யூதரல்ல. மனைவி யூதர் என்பது போதுமானதாக இருந்தது. குடும்பம் இஸ்தான்புல், கோபன்ஹேகன் என்று சுற்றி 1936இல் எம்ஐடி போய்ச் சேர்ந்தது. பின்னாளில் பீட்டர் முனைவர் பட்டம் பெற்றதும் அங்கேதான்.

இங்கேயே பிறந்த என் மகளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொத்தானை உருட்டிக்கொண்டே கேட்டாள்: "அந்தப் பையன் திரும்பி வந்தானாப்பா?"

ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார் என்றேன்.