சீப் சென்ட், காஸ்ட்லி வாசனை: கும்மிடிப்பூண்டி லோக்கல்ல இருந்து ஒரு சின்ன வரலாறு

இன்னைக்கு எபிசோட் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன்ல ஆரம்பிக்குது. சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சு சென்ட்ரல் பக்கம் போற லோக்கல்ல ஏறியிருக்கீங்களா? சிப்காட்ல இருந்து வர்ற கூட்டம் மொத்தமா ஏறும். அந்தப் பெட்டிக்கு ஒரு வாசனை உண்டு. இரும்பு, கிரீஸ், வெல்டிங் புகை, வேர்வை. கவரைப்பேட்டை வர்றதுக்குள்ள யாராவது ஒருத்தர் பையில இருந்து குட்டி பாட்டில் எடுத்து சட்டைக் காலர்ல ரெண்டு தடவை அடிச்சுக்குவார். வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி வேலையைக் கழட்டி வெக்கிற மாதிரி.

எங்க அப்பா ரோலிங் மில்லுல வேலை பார்க்குறவர். அவர் அடிக்க மாட்டார். நான் அடிப்பேன்.

டிப்ளமோ முடிச்ச வருஷம், ஆந்திரா பார்டர் பக்கம் ஒரு உணவுப் பொருள் கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். பேர் வேண்டாம். பஸ் ஸ்டாண்டுல வாங்குன சென்ட்டை அரை பாட்டில் கொட்டிக்கிட்டு போயிருந்தேன். உள்ள கூப்பிடுறதுக்கு முன்னாடியே ஒருத்தர் வந்து, "தம்பி, போய் கழுவிட்டு வாங்க"ன்னார். உணவுத் தொழிற்சாலைக்குள்ள சென்ட் போடக் கூடாதுங்கிறது உண்மையான விதிதான், வாசனை சரக்குல ஏறிடும். அது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஆனா பக்கத்து சேர்ல இருந்த பையனும் சென்ட் போட்டிருந்தான். அவன்கிட்ட யாரும் எதுவும் கேக்கல. அவனோடது காஸ்ட்லி வாசனை.

அந்த நாள்ல இருந்து எனக்கு ஒரு கேள்வி. வாசனைல 'சீப்', 'காஸ்ட்லி'ன்னு எப்படிப் பிரியுது? பணம் கம்மியா இருக்கிறவன் நல்ல வாசனையா எப்படி இருக்கிறது? பதிலைத் தேடப் போனா, அது 300 வருஷத்துக் கதை.

ஓடிகோலனின் ஊர்

உங்க பாட்டி வீட்டு அலமாரியில ஒரு ஓடிகோலன் பாட்டில் இருந்திருக்கும். காய்ச்சல் வந்தா கர்சீப்பை அதுல நனைச்சு நெத்தியில போடுவாங்க. அந்த 'ஓடிகோலன்'தான் நாம இன்னைக்கு 'கொலோன்'னு சொல்ற சமாச்சாரத்தோட மூலம். 'ஓ டி கொலோன்' என்றால் பிரெஞ்சில் 'கொலோன் நகரத்துத் தண்ணீர்' என்று பொருள்.

ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் 1709-ல் ஃபரினா குடும்பம் ஒரு கடை தொடங்கியது. இத்தாலியில் இருந்து வந்த யோஹான் மரியா ஃபரினா அங்கே தயாரித்ததுதான் இந்தத் தண்ணீர். எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் எண்ணெய்களையும் பூ, மூலிகைச் சாரங்களையும் ஆல்கஹாலில் கரைத்த லேசான வாசனை. அன்றைய அரண்மனைகள் கஸ்தூரி, புனுகு என்று கனமான வாசனையில் மூழ்கிக் கிடந்தன. அதற்கு நடுவில், இப்பதான் குளிச்சிட்டு வந்த மாதிரி ஒரு வாசனை! ராஜ வம்சங்கள் வாங்கின. நெப்போலியன் நிறைய பயன்படுத்தினான்.

அடுத்து என்ன நடந்திருக்கும்? கரெக்ட். டூப்ளிகேட்.

வில்ஹெல்ம் மியூலன்ஸ் என்கிற வியாபாரி, அந்தக் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத, ஆனால் ஃபரினா என்று பெயர் கொண்ட ஒருவரிடம் அந்தப் பெயரை விலைக்கு வாங்கி, அதை வைத்தே வியாபாரம் செய்தார். அந்தப் பெயரை மற்றவர்களுக்கும் விற்றார். வழக்குகள் பல பத்தாண்டுகள் ஓடின. கடைசியில் 1881-ல் அவருடைய பேரன் ஃபெர்டினாண்ட் அந்தப் பெயரை விட வேண்டியதாயிற்று. பதிலாக, குளோக்கன்காஸே தெருவில் இருந்த தங்கள் வீட்டின் கதவு எண்ணையே பிராண்டாக்கினார். அதுதான் 4711. இன்னைக்கும் கிடைக்குது, விலையும் மலிவு. 'டூப்'பா ஆரம்பிச்ச சரக்கு, 200 வருஷம் தாண்டி ஒரிஜினலா நிக்குது.

சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன கொலோன்

இந்தியாவுல இன்னொரு சிக்கல் வந்துச்சு. கொலோன்ல பெரும்பகுதி ஆல்கஹால். சுதந்திரம் வந்த சமயத்துல பம்பாய் மாகாணம் மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்தது. 1948-க்குள் நம்ம சென்னை மாகாணம் முழுக்கவும் மதுவிலக்கு வந்துவிட்டது. மதுவைத் தடை செய்தால் வாசனைத் தண்ணீர் என்ன ஆகும்?

பம்பாயில் எஃப்.என். பல்சாரா என்பவர் நீதிமன்றம் போனார். தனக்கு வைத்துக்கொள்ள உரிமை வேண்டும் என்று அவர் கொடுத்த பட்டியலில் விஸ்கி, பிராந்தி, பீரோடு ஓடிகோலனும் லாவெண்டர் தண்ணீரும் இருந்தன! 1951-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மதுவிலக்கு செல்லும், ஆனால் ஆல்கஹால் கலந்த மருந்துகளையும் ஒப்பனைப் பொருட்களையும் சேர்த்துத் தடுத்தது செல்லாது. அரசியல் சட்டம் வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள அடிப்படை உரிமை வழக்குல வாசனைத் தண்ணீர்!

பெர்கின் செய்த வேலை

சரி, விலைக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் வாசனை காஸ்ட்லியா இருந்ததுக்குக் காரணம் நேரடியானது. பூ வேணும், மரம் வேணும், மிருகம் வேணும். மல்லி எசன்ஸ் ஒரு கிலோ எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ பூ ஆகும். நம்ம ஊர் குண்டுமல்லி, பிச்சி எசன்ஸ் இன்னைக்கும் உலகத்தின் பெரிய பெர்ஃப்யூம் வீடுகளுக்குப் போகுது. விலையும் அதுக்கேத்த மாதிரிதான்.

1868-ல் லண்டனில் வில்லியம் ஹென்றி பெர்கின் என்கிற வேதியியலாளர் கூமரின் என்னும் பொருளை ஆய்வகத்தில் உருவாக்கினார். புதிதாக அறுத்த வைக்கோலும் வெனிலாவும் கலந்த வாசனை அது. 1882-ல் பாரிஸின் ஹூபிகான் நிறுவனம் அதை வைத்து 'ஃபூஜேர் ரொயால்' என்ற பெர்ஃப்யூமை வெளியிட்டது. ஃபூஜேர் என்றால் பெரணிச் செடி. பெரணிக்கு வாசனையே கிடையாது! இல்லாத வாசனையை வேதியியலால் கற்பனை செய்தார்கள்.

லாவெண்டர், மரப்பாசி, கூமரின். இந்தக் கூட்டணியை மோந்து பாத்தா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சலூன். ஷேவிங் க்ரீம். பாரிஸ் பணக்காரனோட வாசனை, நூறு வருஷத்துல நம்ம தெரு முனை சலூனுக்கு வந்துடுச்சு. வந்த உடனே அதை 'ஓல்டு', 'சீப்'புன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டோம்.

என் தேடல்ல எனக்குக் கிடைச்ச முக்கியமான விஷயம் இதுதான். ஒரு வாசனை சோப்புக்கும் ஷாம்புக்கும் வந்து சேர்ந்தா, நம்ம மூக்கு அதை மலிவுன்னு முத்திரை குத்திடுது. பொருள் மாறல, அதைப் போடுற ஆள் மாறிட்டார்.

இன்னொரு உதாரணம் 1988-ல் வந்த 'கூல் வாட்டர்'. அந்தச் சில்லுன்னு இருக்கிற வாசனைக்கு முக்கியக் காரணம் டைஹைட்ரோமிர்சினால். டர்பன்டைன், அதாவது பைன் மரத்து எண்ணெயில இருந்து செய்யுறது. மகாராஷ்டிரா மஹாட்ல இருக்கிற ப்ரிவி நிறுவனம் இதைத் தயாரிச்சு உலகம் முழுக்க அனுப்புது. துணி துவைக்கிற பவுடர்லயும் அதே பொருள்தான். 2015-ல் வந்த டியோர் 'சவாஜ்' நினைவிருக்கா? அதோட முதுகெலும்பு ஆம்ப்ராக்ஸான். ஒரு காலத்துல திமிங்கலத்துக் கழிவான அம்பர்ல தேடுன வாசனை, இப்ப ஒரு மூலிகைச் செடியோட சாரத்துல இருந்து ஆலையில தயாராகுது.

பர்மா பஜார்ல இருந்து ஓசூர் வரைக்கும்

நம்ம ஊர்ல 'ஃபாரின் சென்ட்'டுன்னா ஒரே முகவரிதான். பர்மா பஜார். பர்மாவில் இருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969-ல் பீச் ஸ்டேஷன் எதிரில் உருவான கடைத்தெரு. இறக்குமதிக்கு அவ்வளவு கட்டுப்பாடு இருந்த காலத்தில், வெளிநாட்டு வாசனை அந்தச் சின்னச் சின்னக் கடைகள் வழியாத்தான் ஊருக்குள்ள வந்துச்சு. துபாய் போயிட்டு வர்ற மாமா கொண்டுவர்ற பாட்டில் இன்னொரு வழி.

தாராளமயத்துக்கு அப்புறம் 1999-ல் ஆக்ஸ் டியோ வந்தது. 2011-ல் ஃபாக் வந்து, 'கேஸ் இல்லை'ன்னு ஒரே பாயின்ட்ல மார்க்கெட்டைப் பிடிச்சுது. 2013-ல் டைட்டன் நிறுவனம் 'ஸ்கின்' பெர்ஃப்யூமை இறக்கியது. டைட்டன் நம்ம டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து ஓசூர்ல ஆரம்பிச்சது, தெரியும்ல? அந்த வாசனைகளை வடிவமைச்சவங்கள்ல ஒருத்தர் ஆல்பர்ட்டோ மொரில்லாஸ். 1994-ல் வந்த 'சிகே ஒன்' அவர் கை பட்டதுதான்.

ஒரே ஆளு ரெண்டு விலைக்கும் எப்படி? பெரும்பாலான பிராண்டுகள் தங்கள் பெர்ஃப்யூமைத் தாங்களே உருவாக்குவதில்லை. உலகத்தில் ஜிவோடான், டிஎஸ்எம்-ஃபர்மெனிச், ஐஎஃப்எஃப், சிம்ரைஸ் என்று நாலு பெரிய வாசனை நிறுவனங்கள் இருக்கின்றன. பிராண்டு இவங்ககிட்ட, "இந்த மாதிரி வேணும், கிலோவுக்கு இவ்வளவுதான் தருவேன்"னு கேக்கும். அந்த நாலுல ஒண்ணான ஐஎஃப்எஃப்புக்கு சென்னை செயின்ட் தாமஸ் மவுண்ட்ல ரொம்ப நாளா இடம் உண்டு. இன்னொரு ஆலை ஸ்ரீசிட்டியில. கும்மிடிப்பூண்டி தாண்டி, ஆரம்பாக்கம், தடா, அவ்வளவுதான். எந்த வாசனைக்காக நான் பஸ் ஸ்டாண்டுல காசு கொடுத்தேனோ, அந்தத் தொழில் எங்க வீட்டுல இருந்து கொஞ்ச தூரத்துல நடந்துட்டு இருக்கு!

அப்ப எப்படி வாங்குறது?

இவ்வளவு வரலாறும் சொன்னது இதுக்குத்தான். காஸ்ட்லி பாட்டில்ல நீங்க கொடுக்குற காசுல விளம்பரம், பாட்டில், கடை வாடகைன்னு நிறைய போகுது. உள்ள இருக்கிற சரக்குக்கும் பட்ஜெட் வித்தியாசம் உண்டு, இல்லைன்னு சொல்லல. ஆனா பத்து மடங்கு விலைன்னா பத்து மடங்கு வாசனைன்னு அர்த்தம் கிடையாது.

முதல்ல, அடிச்ச உடனே முடிவு பண்ணாதீங்க. எலுமிச்சை வகை வாசனை கால் மணி நேரத்துல பறந்துடும். கடைக்காரர் அந்தக் கால் மணி நேரத்தைத்தான் விக்கிறார். கையில அடிச்சுட்டு வெளிய போய் ஒரு டீ குடிங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு மிச்சம் இருக்கிறதுதான் நீங்க வாங்குற சரக்கு. அதுல வெறும் சர்க்கரைத் தித்திப்பு மட்டும் இருந்தா விட்டுடுங்க.

ரெண்டாவது, நம்ம வெயில். திருவள்ளூர் மே மாசத்துல கனமான இனிப்பு வாசனை திகட்டும். வெட்டிவேர், லாவெண்டர், எலுமிச்சை, சந்தன வகைகள் இந்தக் காத்துக்கு ஒத்துவரும். மலிவு விலையில இந்த வகைகளைத்தான் நல்லா செய்யவும் முடியுது.

மூணாவது, அளவு. ரெண்டு ஸ்ப்ரே போதும். 'காஸ்ட்லி'ன்னு நாம நினைக்கிற வாசனைல பாதி, அளவோட இருக்கிறதுதான். அரை பாட்டில் கொட்டுன நான் சொல்றேன்.

நாலாவது, 'இன்ஸ்பயர்டு' வேற, போலி வேற. ஒரு வாசனையைப் போலவே இன்னொன்றைத் தன் சொந்தப் பெயரில் விற்கிறார்கள் என்றால், அது மியூலன்ஸ் காலத்து வியாபாரம். 2006-ல் பிரான்சின் உச்ச நீதிமன்றமே பெர்ஃப்யூம் வாசனைக்குக் காப்புரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது. ஆனால் இன்னொருத்தர் பிராண்டுப் பெயரை ஒட்டி விற்பது மோசடி. உள்ளே என்ன ஆல்கஹால் இருக்கு என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. தயாரிப்பாளர் முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, இது நாலும் இல்லைன்னா வாங்காதீங்க. முடிஞ்சா சின்ன பாட்டில்ல ஆரம்பிங்க.

கடைசியா ஒண்ணு. எங்க அப்பா மேல இருந்து வர்ற இரும்பு வாசனை எனக்கு ரொம்ப நாள் வெக்கமா இருந்துச்சு. 2006-ல் விஞ்ஞானிகள் ஒரு ஆய்வுல சொன்னாங்க: இரும்புக்குன்னு தனியா அந்த வாசனை கிடையாது. இரும்பு படும்போது நம்ம தோல்ல இருக்கிற எண்ணெய்ப்பசை சிதையுது, அதுல இருந்து வர்றதுதான் அது. அதாவது அது மில்லோட வாசனை இல்ல. மனுஷனோட வாசனை.

முதல் சம்பளத்துல அவருக்கு ஒரு சின்ன பாட்டில் வாங்கிட்டுப் போனேன். லாவெண்டர் வகை, சலூன் வாசனை. திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது தீப்பிடிக்குமா?"ன்னார். ஆல்கஹால், பிடிக்கும்னேன். "அப்ப மில்லுக்குப் போட முடியாது, கல்யாணத்துக்கு வெச்சுக்கிறேன்"னு பீரோவுல பூட்டிட்டார்.

பாட்டில் இன்னும் முக்கால்வாசி அப்படியே இருக்கு. நானும் இப்பல்லாம் ரயில்ல அடிக்கிறது இல்ல. காலையில வீட்டுல, ரெண்டே ரெண்டு ஸ்ப்ரே.